கூட்டமா போனவங்க, தனியா திரும்பினவங்க: செஞ்சிக் கோட்டையிலிருந்து வல்லம் வரைக்கும்

செஞ்சிக் கோட்டை எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க: "இவ்ளோ சண்டை நடந்திருக்கே, அந்த சிப்பாய்ங்க எல்லாம் அப்புறம் என்ன ஆனாங்க?" ராஜாக்களைப் பத்திக் கேட்டா பதில் ஈஸி. சிப்பாய்ங்களைப் பத்திக் கேட்டா அந்தக் கேள்வி வேற எங்கேயோ கூட்டிட்டுப் போகுது. இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

ஒரு வார்த்தையிலிருந்து ஆரம்பிக்கலாம். நாஸ்டால்ஜியா. பழைய தேன்மிட்டாய் போட்டோ பார்த்தா நாம சொல்ற அதே வார்த்தை. 1688-ல சுவிட்சர்லாந்தோட பாசல் நகரத்துல, யோஹானஸ் ஹோஃபர்ங்கிற ஒரு இளம் மருத்துவர் தன்னோட ஆய்வேட்டுக்காக உருவாக்கின சொல் இது. அவருக்கு அது ஒரு இனிமையான உணர்வு கிடையாது, ஒரு நோய். வீட்டை விட்டுத் தூரமா இருக்கிறவனுக்கு சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது, உடம்பு உருகிடும். சீக்கிரமே அந்த நோய் வெளிநாட்டு ராஜாக்களுக்காகச் சண்டை போட்ட சுவிஸ் கூலிப்படை வீரர்களோட பேரோடு ஒட்டிக்கிச்சு. சிப்பாயோட மனசு நோகும்ங்கிறதுக்கு ஐரோப்பிய மருத்துவம் பேர் வச்ச முதல் முயற்சிகள்ல இதுவும் ஒண்ணு.

அதுக்கு அடுத்த வருஷம், 1689-ல, சிவாஜியோட மகன் ராஜாராம் தப்பிச்சு செஞ்சிக்கு வந்து சேர்றார். 1690-ல ஜுல்ஃபிகார் கான் தலைமையில முகலாயப் படை கோட்டையைச் சுத்தி உட்காருது. 1698 வரைக்கும் எழுந்திருக்கல. எட்டு வருஷ முற்றுகை! ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலையையும் சேர்த்துக் கட்டின மதிலுக்கு உள்ள ஒரு ஊரே பசியோட இருந்தது. வெளிய இருந்தவங்களுக்கும் சுகமில்லை. 1692 கடைசியில சந்தாஜி, தனாஜின்னு ரெண்டு மராட்டியத் தளபதிகள் வந்து முற்றுகை போட்டவங்களையே முற்றுகை போட்டாங்க. முகலாய முகாமுக்குத் தானியம் வரும் வழி அடைபட்டுப் போச்சு. டெக்கான்ல இருந்தும் வடக்கே இருந்தும் வந்த ஆயிரக்கணக்கான சிப்பாய்ங்க, பாஷை தெரியாத ஊர்ல, வெயில்லயும் மழையிலயும் பல வருஷம். ஹோஃபர் செஞ்சிக்கு வந்திருந்தா அவருக்கு ஆய்வு பண்ண ஆளே பத்தாமப் போயிருக்காது.

அப்புறம் 1714 அக்டோபர். தேசிங்கு ராஜன் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் படையோட மோதி செத்துப் போறார். இருபதுகளோட தொடக்கத்துல இருந்த பையன். கேக்குற உங்கள்ல பாதிப் பேரை விடச் சின்னவர். தேசிங்கு ராஜன் கதையைக் கிராமத்துல விடிய விடியப் பாடுவாங்க. கல்யாணப் பந்தல்ல இருந்து எழுந்து நண்பனுக்காகச் சண்டைக்கு வந்த மகமத்கானுக்காக இன்னைக்கும் அழுறவங்க இருக்காங்க. செத்தவங்களுக்குக் கதை கிடைச்சுது. அன்னைக்குப் பொழைச்சு, குதிரையைக் கையில பிடிச்சுக்கிட்டு ஊருக்கு நடந்து போனவனுக்குக் கதை கிடையாது. அவன் ராத்திரி தூங்கினானான்னு எந்தக் கல்வெட்டும் சொல்லாது.

1761-ல கோட்டை பிரெஞ்சுக்காரங்க கையில இருந்து ஆங்கிலேயர் கைக்குப் போகுது. அதோட செஞ்சியோட ராணுவ வாழ்க்கை முடிஞ்ச மாதிரிதான். கதை சென்னைக்கு நகருது. 1794-ல வாலன்டைன் கானலிங்கிற கம்பெனி சர்ஜன் புரசைவாக்கம் பக்கத்துல ஒரு மனநல விடுதி ஆரம்பிக்கிறார். இன்னைக்குக் கீழ்ப்பாக்கத்துல இருக்கிற மனநலக் காப்பகத்தோட வேர் அங்கதான். 1871-ல அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறிச்சு. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தன் ஐரோப்பிய சிப்பாய்ங்க மனசு கலங்கினா என்ன செய்யணும்னு ஒரு ஏற்பாடு இருந்தது. 1818-லிருந்து அவங்களைக் கப்பல் ஏத்தி லண்டன் பக்கத்துல ஹாக்னியில இருந்த பெம்ப்ரோக் ஹவுஸ்ங்கிற விடுதிக்கு அனுப்புவாங்க. செலவு கம்பெனியோடது. அதே சண்டையில பக்கத்துல நின்ன மெட்ராஸ் சிப்பாய்க்கு அந்தக் கப்பல்ல இடம் கிடையாது. அவனுக்கு இருந்தது வீடு, குலதெய்வம், கொஞ்சம் நிலம் இருந்தா நிலம்.

இப்ப ஒரு விசித்திரமான ஆளை அறிமுகப்படுத்துறேன். 1901 கடைசியில டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ்னு ஒரு கேம்பிரிட்ஜ் மருத்துவர் நீலகிரிக்கு வர்றார். தோடர்கள் கூட சில மாசம் இருந்து, ஒவ்வொரு குடும்பத்தோட வம்சாவளியையும் கேட்டுக் கேட்டுக் குறிக்கிறார். 1906-ல 'தி தோடாஸ்'ங்கிற தடிப் புத்தகம் வருது. புத்தகத்துல சர்ச்சைக்குரிய விஷயங்கள் நிறைய இருக்கு, அது தனி எபிசோட். இங்க நமக்கு முக்கியம் அவரோட முறை. எதிர்ல இருக்கிறவர் யாருக்கு மகன், யாருக்கு மாமன், யார் செத்தாங்கன்னு பொறுமையா கேட்கிற முறை.

பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு முதல் உலகப் போர். 1915 பிப்ரவரியில சார்ல்ஸ் மையர்ஸ், 'லான்செட்' மருத்துவ இதழ்ல 'ஷெல் ஷாக்'ங்கிற சொல்லை அச்சுல கொண்டு வர்றார். குண்டு விழுந்து உடம்புல காயமே இல்லாம, பேச்சு நின்னு போனவங்க, பார்வை போனவங்க, நடுங்கிக்கிட்டே இருக்கிறவங்க. சில டாக்டர்கள் அவங்களுக்கு மின்சார ஷாக் குடுத்துப் பேச வச்சாங்க. ரிவர்ஸ், எடின்பரோ பக்கத்துல கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில அதுக்கு நேர் எதிரா ஒண்ணு செஞ்சார். உட்கார வச்சுக் கேட்டார். மறக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினா அது ராத்திரி கனவா வரும்னார். கவிஞர் சிக்ஃப்ரிட் சசூன் 1917-ல அவர்கிட்ட சிகிச்சைக்கு வந்தவர்தான். நீலகிரி மலையில பழகின காது ஸ்காட்லாந்துல வேலைக்கு ஆச்சுன்னு நான் நினைக்கிறேன். இதை நிரூபிக்க முடியாது, எனக்குப் பிடிச்ச ஊகம்னு வச்சுக்கோங்க.

ஆனா ஒரு விஷயம் கவனிங்க. கிரெய்க்லாக்ஹார்ட் அதிகாரிகளுக்கு மட்டும். சாதா சிப்பாய்க்கு இல்லை. இந்தியச் சிப்பாய்க்கு? பத்து லட்சத்துக்கும் மேல இந்தியர்கள் கடல் கடந்து போன போர் அது. சுமார் 74,000 பேர் திரும்பல. 1914 குளிர்காலத்துல பிரான்ஸ்ல காயம்பட்ட இந்தியர்களை இங்கிலாந்தோட பிரைட்டன் நகரத்துக்குக் கொண்டு போனாங்க. அங்க ராஜா காலத்து அரண்மனையே ஆஸ்பத்திரியாச்சு. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி சமையலறை, தனித்தனி தண்ணிக் குழாய். சோத்துக்கு இவ்ளோ அக்கறை. மனசுக்கு? இவனுங்க முன்னணிக்குப் போகப் பயந்து தாங்களே கையில சுட்டுக்கிறாங்கன்னு ஒரு சந்தேகம் கிளம்பிச்சு. கர்னல் புரூஸ் சீட்டன்ங்கிற டாக்டர் அங்க வந்த 1,000 காயங்களை ஒவ்வொண்ணா ஆராய்ஞ்சார். எந்தக் கை, எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்துல இருந்து சுட்டதுன்னு பார்த்து, அந்தச் சந்தேகத்துக்கு அடிப்படையே இல்லைன்னு அறிக்கை குடுத்தார். எனக்கு டேட்டா வேலைங்கிறதால அந்த ஆள் மேல ஒரு தனி மரியாதை. அதே நேரம் என்ன கேள்வி கேட்டிருக்காங்கன்னும் பாருங்க. இங்கிலீஷ் அதிகாரி நடுங்கினா "என்ன ஆச்சு?"ன்னு கேட்டாங்க. நம்ம ஆள் நடுங்கினா "நடிக்கிறானா?"ன்னு கேட்டாங்க.

தமிழ்நாட்டுல பல ஊர்கள்ல, பழைய பள்ளிக்கூடச் சுவர்லயோ சாவடியிலயோ ஒரு சின்னக் கல்லு பதிச்சிருப்பாங்க. இந்த ஊர்ல இருந்து இத்தனை பேர் 1914-லிருந்து 1919 வரைக்கும் நடந்த போருக்குப் போனாங்க, அதுல இத்தனை பேர் உயிரைக் குடுத்தாங்கன்னு இருக்கும். ரெண்டே எண்கள். முதல் எண்ல இருந்து ரெண்டாவதைக் கழிச்சா வர்றவங்க எப்படி வாழ்ந்தாங்கங்கிறதுக்கு அந்தக் கல்லுல இடமில்லை.

1946-ல போர் கமிட்டி அறிக்கை வருது. யுத்தத்தைச் சொல்ற 'போர்' இல்லைங்க, தலைவர் பேர் ஜோசப் போர். சுதந்திரத்துக்கு முந்தின இந்தியாவோட மொத்த சுகாதாரத்தையும் அளந்த அறிக்கை. மனநலத்துக்கு இந்தியாவுல 40,000 பேருக்கு ஒரு படுக்கை, இங்கிலாந்துல 300 பேருக்கு ஒண்ணுன்னு அதுல கணக்கு. ரெண்டாம் உலகப் போர்ல இருந்து லட்சக்கணக்கான சிப்பாய்ங்க அந்த வருஷம் வீட்டுக்குத் திரும்பிக்கிட்டு இருந்தாங்க.

படுக்கை இல்லாத நாட்டுல என்ன செய்வீங்க? இங்கதான் நம்ம பக்கத்துல இருந்து ஒரு பதில் வருது. அமிர்தசரஸ்ல டாக்டர் வித்யா சாகர், 1950-கள்ல ஆஸ்பத்திரி வளாகத்துல கூடாரம் போட்டு, நோயாளியோட குடும்பத்தையும் தங்க வச்சார். 1957-ல வேலூர் சி.எம்.சி. பாகாயத்துல மனநல மையம் தொடங்கினப்போ அதையே விதி மாதிரி ஆக்கினாங்க: நோயாளி கூட வீட்டு ஆள் ஒருத்தர் தங்கணும். அம்மாவோ, பொண்டாட்டியோ, அண்ணனோ. பொங்கிச் சாப்பிட்டுக்கிட்டு, மத்த குடும்பங்களோட பேசிக்கிட்டு. கதவைப் பூட்டிச் சொந்தக்காரங்களை வெளிய நிறுத்துறது வழக்கமா இருந்த காலத்துல இது பெரிய விஷயம். வேலூர் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பின ஊர்கள் நிறைய. கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை'ன்னே சொல்லுவாங்க.

குடும்பம் கூட இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. மீதிப் பாதி என்னங்கிறதுக்கு 1970 நியூயார்க் போகணும். வியட்நாம்ல இருந்து திரும்பின பசங்க சிலர் வட்டமா உட்கார்ந்து பேச ஆரம்பிச்சாங்க. 'ராப் குரூப்'னு பேர், பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. ராபர்ட் ஜே லிஃப்டன், சைம் ஷாடன்னு ரெண்டு மனநல மருத்துவர்களைக் கூப்பிட்டாங்க. வாங்க, ஆனா டாக்டரா மேல உட்காராதீங்க, வட்டத்துல ஒருத்தரா உட்காருங்கன்னாங்க. பத்து வருஷம் விடாம சத்தம் போட்டாங்க. 1979-ல அமெரிக்க அரசு ஊர் ஊரா 'வெட் சென்டர்' திறந்தது. ஆஸ்பத்திரி வாசனை இல்லாத கடைத்தெருக் கட்டடங்கள், உள்ள இருந்தவங்கள்ல பல பேர் முன்னாள் சிப்பாய்ங்களே. 1980-ல அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேட்டுல பி.டி.எஸ்.டி. ஒரு நோயா ஏறிச்சு. ஆய்வகத்துல கண்டுபிடிச்ச மாதிரி நாம பேசுற அந்த நாலு எழுத்துக்குப் பின்னாடி ஒரு சிகரெட் புகை நிறைஞ்ச அறையும், தூங்காத இருபது பேரும் இருக்காங்க.

ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா எனக்குப் புரியிறது இதுதான். சிப்பாய் கூட்டமா போறான், கூட்டமா சாப்பிடுறான், கூட்டமா பயப்படுறான். திரும்புறப்போ தனியா திரும்புறான். வீடு இருக்கும், ஆனா அந்தக் கூட்டம் இருக்காது. நம்ம ஊர் மனநல மருத்துவம் வீட்டைக் கண்டுபிடிச்சது. வட்டத்தை இன்னும் சரியா கண்டுபிடிக்கல.

இப்ப வல்லம். தஞ்சாவூர் வல்லம் இல்லை, செங்கல்பட்டு வல்லமும் இல்லை. விழுப்புரம் மாவட்டத்துல, செஞ்சி பக்கத்து வல்லம். போன எபிசோடுக்காகக் கோட்டைக்கு நாலஞ்சு தடவை போனதுல அங்க ஒரு ஓய்வு பெற்ற ஹவில்தார் பழக்கம் ஆனார். அவரும் சுத்துவட்டார ஊர்கள்ல இருக்கிற முன்னாள் படைவீரர்கள் பத்துப் பன்னெண்டு பேரும் மாசத்துல ரெண்டு ஞாயிறு கூடுறாங்க. பேர் வைக்கல, போர்டு வைக்கல. பேர் வச்சா மைக் செட் வரும், மைக் செட் வந்தா பேச வேண்டியவன் வர மாட்டான்னார். என்னைச் சேர்த்துக்கிட்டது கணக்கு எழுத. "தம்பி, கம்ப்யூட்டர் தெரியும்ல? வா." மெட்ராஸ் சாப்பர்ஸ் படைக்காரங்களையே ராணுவத்துல 'தம்பி'ன்னுதான் கூப்பிடுவாங்க. அதனால கொஞ்சம் பெருமையாவே எடுத்துக்கிட்டேன்.

அங்க யாரும் டிப்ரஷன்னு சொல்றதில்லை. "தூக்கம் புடிக்கல." "மண்டைக்குள்ள சூடு." "நரம்புத் தளர்ச்சி." "இவருக்குக் கோபம் ஜாஸ்தி ஆயிடுச்சு", இது வீட்டுக்காரம்மா சொல்றது, அதுவும் அவர் இல்லாதப்போ. கேன்டீன் சரக்கு மாசக் கோட்டாவைத் தாண்டி ஓடுறது. சாதா சிப்பாய் பெரும்பாலும் நாப்பது வயசு ஆகுறதுக்குள்ளயோ அதை ஒட்டியோ பென்ஷனோட வெளிய வந்துடுறார். மூணு மணிக்கு முழிக்கிற பழக்கம் இருக்கு, முழிச்சு என்ன செய்யணும்னு ஆர்டர் இல்லை. அவங்க பேசுறதைக் கேட்டா எல்லாமே குண்டுச் சத்தம் இல்லை. பனிமலையில கூட இருந்தவன் செத்தது ஒருத்தருக்கு. இலங்கைக்கு 1987-ல அமைதிப்படையில போனது இன்னொருத்தருக்கு. அங்க எதிர்ல நின்ன ஜனங்க பேசின பாஷை தன் பாஷைங்கிறதை அவர் இன்னும் தாண்டல.

மௌனத்துக்கு ஒரு நிர்வாகக் காரணமும் இருக்கு. ராணுவத்துல உடல் தகுதியை 'ஷேப்'னு அஞ்சு எழுத்துல அளப்பாங்க: காது, கை கால், உடல் திறன், கண் எல்லாத்துக்கும் ஒவ்வொரு எழுத்து. அதுல முதல் எழுத்து 'எஸ்' மனநிலைக்கானது. 'ஷேப் ஒன்'னா எல்லாம் சரி. அந்த முதல் எழுத்துல நம்பர் மாறினா பதவி உயர்வு, போஸ்டிங் எல்லாம் ஆடும். அதனால பதினேழு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு "சப் டீக் ஹை சாப்"னு சொல்லப் பழகினவர், வல்லம் ஞாயித்துக்கிழமையில முதல் நாளே உடைஞ்சு பேசிடுவாரா? அஞ்சாறு தடவை வந்து டீ குடிச்சிட்டுப் போவார். அது போதும்னு ஹவில்தார் சொல்லுவார்.

சட்டம் கொஞ்சம் கொஞ்சமா மாறியிருக்கு. 2013-ல தரம்வீர் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான கோடு போட்டது. சேரும்போது பதிவாகாத நோய் பிறகு வந்தா, அது பணியால வந்ததுன்னுதான் முதல்ல எடுத்துக்கணும், இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது சிப்பாயோட பொறுப்பு இல்லை. அந்த வழக்கு வலிப்பு நோய் பத்தினது. ஆனா ஊனமுற்றோர் பென்ஷன் மறுக்கப்பட்ட மத்தவங்களுக்கும் அது கைப்பிடி. 1915-ல கேட்ட "நடிக்கிறானா?" கேள்விக்குக் கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு வந்த பதில்னு நான் அதைப் படிக்கிறேன். 2017-ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை உரிமைன்னு சொல்லுது, சங்கிலி போடுறதைத் தடை பண்ணுது. ஏர்வாடியில 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி தீப்பிடிச்சப்போ சங்கிலியில கட்டியிருந்தவங்க ஓட முடியாம, 28 பேர் செத்தாங்க. அதைத் தெரிஞ்சவங்களுக்கு அந்த வரி வெறும் வரி இல்லை.

குழு என்ன செய்யுதுன்னு கேட்டா, பெருசா ஒண்ணுமில்லை, அதுதான் எனக்குப் பிடிச்சது. ஓய்வு பெற்று வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஏற்கனவே வந்த ஒருத்தரை ஜோடி சேர்க்கிறாங்க, முடிஞ்சா அதே ரெஜிமென்ட். முதல் வருஷம் வாரம் ஒரு தடவை போய்ப் பார்க்கணும். மருத்துவம் தேவைன்னா முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூடப் போகணும். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். 2003-லிருந்து இருக்கு, ஆனா அந்த அட்டையைக் காட்டி மனநல மருத்துவரைப் பார்க்கலாம்னு பாதிப் பேருக்குத் தோணல. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசைக்குக் கூட்டிட்டுப் போற குடும்பங்களை யாரும் தடுக்கிறதில்லை. "கோயிலுக்குப் போங்க, மாத்திரையையும் பையில வச்சுக்கோங்க." அவ்வளவுதான்.

என் வேலை ஒரு ஷீட். மூணே காலம்: பேர், படைப்பிரிவு, இந்த வாரம் யார் போய்ப் பார்த்தாங்க. நோய்க்குக் காலம் கிடையாது, மாத்திரைக்குக் கிடையாது. அதுல நான் கறாரா இருக்கேன். இந்தத் தகவல் கசிஞ்சா பொண்ணு கல்யாணம் நிக்கும், செக்யூரிட்டி வேலை போகும். இல்லாத டேட்டா லீக் ஆகாது.

ஒரு நாள் சொல் பத்திப் பேச்சு வந்தது. 'மனநோயாளி'ன்னா எந்திரிச்சுப் போயிடுவாங்க. யாழ்ப்பாணத்துல போர் நடுவுல வேலை செஞ்ச மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவர் கூட இருந்தவங்களும், ஊர் ஆசிரியர்களையும் சுகாதாரப் பணியாளர்களையும் ஆற்றுப்படுத்துநரா பயிற்றுவிச்சாங்க. 'சாந்திகம்' மாதிரி அமைப்புகள் அதைத் தொடர்ந்து செஞ்சுது. அங்க தமிழ்ல எழுதினப்போ புழக்கத்துக்கு வந்த ஒரு சொல் 'மனவடு'. நான் அதைச் சொன்னதும் அமைதிப்படைக்குப் போயிருந்த அந்தப் பெரியவர் திருப்பிக் கேட்டார், "யார் வச்ச பேருன்னே?" யாழ்ப்பாணம்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம் முழங்கால்ல இருந்த பழைய தழும்பைத் தடவிக்கிட்டே, "வடுன்னா ஆறினதுன்னுதானே அர்த்தம்"னார். அந்த வாரத்துல இருந்து குழுவுல அந்தச் சொல்தான் ஓடுது.

கடைசியா, கேக்குறவங்களுக்கு நடைமுறை விஷயம். டெலி-மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரம், தமிழ்லயே பேசலாம். 2022 அக்டோபர் 10-ல இருந்து ஓடுது. ராணுவத்தினருக்காக இதுக்குள்ள ஒரு தனிப் பிரிவை 2023 டிசம்பர் 1-ல புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில தொடங்கினாங்க, ரெண்டு வருஷ முன்னோட்டமா. உங்க வீட்டுல, தெருவுல பட்டாளத்துல இருந்து வந்த பெரியப்பாவோ சித்தப்பாவோ இருந்தா எண்ணை அனுப்பி வச்சுட்டு நிறுத்திடாதீங்க. முதல் கால் போடும்போது பக்கத்துல உட்காருங்க. வல்லம் பக்கம் வர முடிஞ்சவங்களுக்கு: ஓ.பி. நாள்ல முண்டியம்பாக்கம் வரைக்கும் பைக்குல கூட்டிட்டுப் போக ரெண்டு பேர் தேவைப்படுது. லைசென்ஸ், ரெண்டு ஹெல்மெட், வழியில கேள்வி கேக்காம வர்ற பொறுமை. எனக்கு எழுதுங்க.

அடுத்த எபிசோட்ல 1806 வேலூர்.